தலைவரின் மக்களும் தலைமையின் அமானிதமும்

ஒரு நாட்டை ஆண்ட தலைவர் மறைந்தபின் அவரைப் பற்றி எஞ்சி நிற்பது எது? அவர் கட்டிய அணைகள், இயற்றிய சட்டங்கள், நிறுவிய கல்விக்கூடங்கள் ஆகியவை ஆவணங்களில் இருக்கும். பொதுமக்களின் நினைவில் பெரும்பாலும் ஒரு வரிதான் தங்கும். அந்த ஒரு வரியைச் சில வேளைகளில் தலைவருடைய வாழ்க்கை எழுதுவதில்லை. மகன், தம்பி, மருமகன் என அவருடைய வீட்டார் எழுதிவிடுகின்றனர். இது நீதியா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

வினா எளிதன்று. சுமை சுமக்கும் எவரும் பிறரது சுமையைச் சுமக்கமாட்டார் என்பது திருக்குர்ஆன் ஐந்து இடங்களில் வலியுறுத்தும் நெறி (6:164, 17:15, 35:18, 39:7, 53:38). நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் வெள்ளத்தில் மூழ்கினான். அதனால் நபியின் தகுதி குன்றவில்லை. அப்படியிருக்க, மகனின் வணிகத்துக்காகத் தந்தையின் பொதுவாழ்வைக் குறை கூறுவது எவ்வாறு பொருந்தும்? மறுபுறம், செல்வமும் மக்களும் ஒரு சோதனை என்று அதே வேதம் கூறுகிறது (8:28). உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்றும் கட்டளையிடுகிறது (4:135). இவ்விரு நெறிகளையும் இணைத்துப் பார்த்தால் விடை புலப்படும். மகனின் செயல் மகனுடையதே. ஆனால் அச்செயலுக்கு இடமளித்ததும், அறிந்தும் வாளாவிருந்ததும், விசாரணைக்குக் குறுக்கே நின்றதும் தலைவருடைய சொந்தச் செயல்கள். வரலாறு அவரிடம் கணக்குக் கேட்பது இவற்றுக்காகவே.

பஸ்ராவிலிருந்து மதீனாவுக்கு

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில், கிராள் எனப்படும் கூட்டு வணிகம் பற்றிய பாடத்தின் தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அரபுக் கல்லூரிகளில் இதை வணிகச் சட்டத்தின் சான்றாக நடத்துகிறோம். ஆட்சியறத்தின் சான்றாக அரிதாகவே நடத்துகிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மக்களான அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் ஒரு படையுடன் இராக் சென்று திரும்பும் வழியில் பஸ்ராவின் ஆளுநர் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களைக் காண்கின்றனர். மதீனாவுக்கு அனுப்பவேண்டிய பொதுப்பணம் ஒரு தொகை அவரிடம் இருந்தது. "இதை உங்களுக்குக் கடனாகத் தருகிறேன். இங்கே சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலை அமீருல் முஃமினீனிடம் ஒப்படையுங்கள்; இலாபம் உங்களுடையது" என்ற கருத்தில் அவர் கூறினார். இச்செய்தியைக் கலீஃபாவுக்கும் எழுதினார். மைந்தர்கள் அவ்வாறே செய்தனர், இலாபமும் கிடைத்தது.

இதில் களவு இல்லை, மறைப்பு இல்லை, பைத்துல்மாலுக்கு ஒரு திர்ஹம்கூட நட்டமில்லை. பணத்தைப் பாதுகாப்பாக மதீனா சேர்ப்பித்ததால் அரசுக்கு நன்மையே என்றுகூட வாதிடலாம். ஆனால் உமர் (ரலி) அவர்கள் கேட்டது நட்டமா இலாபமா என்பதை அன்று. படையில் இருந்த ஒவ்வொருவருக்கும் உங்களுக்குத் தந்தது போலவே அவர் கடன் தந்தாரா என்பதே அவர்களின் வினா. இல்லை என்று மைந்தர்கள் கூறியதும், நீங்கள் அமீரின் மக்கள் என்பதற்காகத் தரப்பட்டது இது, முதலையும் இலாபத்தையும் ஒப்படையுங்கள் என்று பணித்தார்கள். அப்துல்லாஹ் மௌனமானார். உபைதுல்லாஹ் வாதிட்டார்: பணம் அழிந்திருந்தால் ஈடுசெய்யும் பொறுப்பு எங்களுடையதாக இருந்திருக்குமே! வாதம் சட்டப்படி வலுவானதுதான். உமர் (ரலி) அவர்கள் அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. முன்சொன்னதையே மீண்டும் சொன்னார்கள். இறுதியில் அவையில் இருந்த ஒருவர், இதைக் கிராளாக ஆக்கிவிடலாமே என்றார். அதன்படி முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல்மாலுக்கு வந்தன; மறுபாதி மைந்தர்களுக்குச் சென்றது.

இந்நிகழ்ச்சி மூன்று அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது, வாய்ப்பு எல்லாருக்கும் திறந்திருந்ததா என்பது. இரண்டாவது, தலைவர் அறிந்தவுடன் தாமே கேட்டாரா என்பது. மூன்றாவது, தீர்வு பிறர் முன்னிலையில், பிறர் சொல்லுக்கும் இடமளித்து நடந்ததா என்பது.

ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, தன் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் இவ்வன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அமீரின் மகனுக்கும் அதே வினாவே பொருந்தும். பதவியில் தந்தை இல்லையேல் இக்கடனோ, இந்நிலமோ, இவ்வுரிமமோ இவருக்குக் கிடைத்திருக்குமா?

இரு முதல்வர்கள், இரு ஆணையங்கள்

இவ்வளவுகோல்களைக் கொண்டு விடுதலை பெற்ற இந்தியாவை நோக்குவோம். பஞ்சாப் முதல்வர் பிரதாப் சிங் கைரோன் திறமைமிக்க நிர்வாகி. பசுமைப் புரட்சிக்குப் பஞ்சாபில் அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். 1962இல் லூதியானாவில் வேளாண் பல்கலைக்கழகம் அவர் காலத்தில் தொடங்கப்பட்டது. அவருடைய மைந்தர்களும் உறவினர்களும் அரசு செல்வாக்கால் பொருள் சேர்த்தனர் என்ற புகாரை, உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான ஆணையம் 1963இன் இறுதியிலிருந்து விசாரித்தது. வளர்ந்த மக்கள் தொழில் செய்வதைத் தந்தை தடுக்க இயலாது என்பதை ஆணையம் ஒப்புக்கொண்டது. ஆனால் தம் செல்வாக்கை அவர்கள் பயன்படுத்துவதை அவர் அறிந்திருந்தார், அல்லது ஐயுறப் போதிய காரணம் இருந்தது என்ற முடிவுக்கும் வந்தது. 1964 ஜூன் மாதம் கைரோன் பதவி விலகினார். 1965 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். நீதிபதி தாஸ் மக்களின் குற்றத்தைத் தந்தையின் தலையில் ஏற்றவில்லை. தந்தையின் அறிவையும் மௌனத்தையுமே எடைபோட்டார். நாம் மேலே கண்ட வேறுபாடும் இதுவே.

இரண்டாமவர் பக்ஷி குலாம் முஹம்மது. 1953 முதல் 1963 வரை ஜம்மு காஷ்மீரின் பிரதமராக இருந்தவர். (அம்மாநில ஆட்சித் தலைவரை அக்காலத்தில் பிரதமர் என்றே அழைத்தனர்.) கல்வியை இலவசமாக்கியவர், 1956இல் பனிஹால் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் அவர் ஆட்சியிலேயே. ஆயினும் அவருடைய உடன்பிறந்தாரும் உறவினரும் ஒப்பந்தங்களிலும் உரிமங்களிலும் பெற்ற பங்கு ஊரறிந்ததாயிற்று. பிரிட்டிஷ் வானொலியின் மூன்றெழுத்துச் சுருக்கத்தை 'பக்ஷி சகோதரர்கள் கழகம்' என்று விரித்து மக்கள் எள்ளி நகையாடினர். சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த என். இராஜகோபால ஐயங்கார் தலைமையிலான ஆணையம் 1965இல் அமைக்கப்பட்டு, 1967இல் பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பட்டதாக அறிக்கை தந்தது. அதே 1967இல் பக்ஷி ஸ்ரீநகர் தொகுதியில் மக்களவைக்கு வெற்றிபெற்றார் என்பதையும் மறைக்கலாகாது. வாக்காளர்கள் மன்னிக்கக்கூடும். ஆனால் காஷ்மீர வரலாற்றை எழுதுவோர் எவரும் பக்ஷியின் பள்ளிக்கூடங்களைச் சொல்லும் பக்கத்திலேயே அவருடைய சகோதரர்களையும் சொல்லாமல் நகர்வதில்லை. தேர்தல் தரும் மன்னிப்புக்கும் வரலாறு தரும் மதிப்பீட்டுக்கும் உள்ள இடைவெளி இது.

தாயும் மகனும், தந்தையும் மகனும்

இப்பொருளில் நாடு முழுவதும் ஆழ்ந்து கற்க வேண்டிய காலம் 1977 முதல் 1979 வரையிலான இரண்டாண்டுகள்.

இந்திரா காந்தியின் வாழ்வில் 1969இன் வங்கி தேசியமயமும் 1971இன் வங்கதேசப் போரும் பெரும் சாதனைகளாகப் பேசப்பட்டன. அக்காலத்திலேயே அவருடைய இளைய மகன் சஞ்சய் காந்திக்குச் சிறு கார் தயாரிக்கும் உரிமம் கிடைத்தது. 1971இல் மாருதி நிறுவனம் தொடங்கப்பட்டது. அரியானா அரசு குர்கான் அருகே பெருநிலத்தை வழங்கியது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்கள் என்ற திட்டத்திலிருந்து மக்கள் வாங்கத்தக்க கார் எதுவும் சந்தைக்கு வரவில்லை. 1975 ஜூன் மாதம் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின், எப்பதவியும் வகிக்காத அந்த மகனின் சொல்லே அதிகாரமாயிற்று. 1976இல் டெல்லி துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிக்கப்பட்டதும், கட்டாயக் கருத்தடைக் கெடுபிடிகளும் முஸ்லிம்களின் நெஞ்சில் நீங்கா வடுவாயின. 1977 மார்ச் தேர்தலில் தாய் ரேபரேலியிலும் மகன் அமேதியிலும் தோற்றனர்.

ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு மாருதி விவகாரத்தை விசாரிக்க நீதிபதி ஏ.சி. குப்தா ஆணையத்தை அமைத்தது. அவ்வரசின் தலைவர் மொரார்ஜி தேசாய் எளிமையும் கண்டிப்பும் நிறைந்த காந்தியவாதி. அவருடைய நேர்மையை அரசியல் எதிரிகளும் பெரும்பாலும் ஐயுறவில்லை. நெருக்கடிநிலை போன்றது மீண்டும் எளிதில் நேராதபடி 1978இல் அரசியலமைப்பின் 44ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்தது அவருடைய அரசு. இது எக்காலத்தும் நிற்கும் சாதனை.

ஆனால் அவருடைய மகன் காந்தி தேசாய் தந்தையுடனேயே தங்கி, அவருடைய அலுவல்களுக்கு உதவியாளர் போல் இருந்துவந்தார். மகனின் வணிகத் தொடர்புகள் பற்றிய கேள்வி, மொரார்ஜி துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த 1960களின் இறுதியிலேயே நாடாளுமன்றத்தில் எழுந்ததுண்டு. 1978இல் அது மீண்டும் எழுந்தபோது, எழுப்பியவர் எதிர்க்கட்சியினர் அல்லர். அவருடைய அமைச்சரவையின் உள்துறை அமைச்சர் சரண் சிங். விசாரணை ஆணையம் வேண்டும் என்ற கோரிக்கையைப் பிரதமர் ஏற்கவில்லை. கடிதப் போர் முற்றி, 1978 ஜூன் இறுதியில் சரண் சிங் அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது. ஆகஸ்டில் மாநிலங்களவை விசாரணை கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. அதன்பின்னரே புகார்கள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வழியாக, ஓய்வுபெற்ற நீதிபதி சி.ஏ. வைத்தியலிங்கத்தின் ஆய்வுக்குச் சென்றன. சரண் சிங்கின் குடும்பத்தார் மீதான எதிர்ப்புகார்களும் உடன் சென்றன.

இங்கு நடுநிலை வேண்டும். காந்தி தேசாய் மீது கூறப்பட்டவை யாவும் மெய் என்று கொள்வதற்கில்லை. சரண் சிங்கின் பதவி நாட்டமும் இப்பூசலில் கலந்திருந்தது. ஆனால் மொரார்ஜியின் பெயருக்கு இழுக்குச் சேர்த்தது புகார்களின் உண்மையோ பொய்மையோ அன்று. ஒரு தாய் தன் மகன் விஷயத்தில் கண்மூடியிருந்தார் என்று குற்றம் சாட்டி ஆட்சிக்கு வந்தவர்கள், தம் தலைவரின் மகன் விஷயத்தில் அதே விசாரணைக்குத் தயங்கினர். அத்தயக்கம் அவர்களுடைய அறப்போரின் கூர்மையை மழுக்கியது. உட்பூசல் வளர்ந்து, 1979 ஜூலையில் மொரார்ஜி பதவி விலகினார். கட்சி சிதறியதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனினும் முதல் விரிசல்களுள் இதுவும் ஒன்று. அடுத்த தேர்தலில், 1980 ஜனவரியில், இந்திராவும் சஞ்சயும் வென்று திரும்பினர்.

முதல் கடிதம் வந்த அன்றே, என் மகனை விசாரியுங்கள், அதுவரை அவர் என் இல்லத்தில் தங்கமாட்டார் என்று மொரார்ஜி கூறியிருந்தால் என்னவாகியிருக்கும்? மகன் குற்றமற்றவராயின் இருவர் பெயரும் துலங்கியிருக்கும். குற்றமுடையவராயினும் தந்தையின் பெயர் துலங்கியிருக்கும். 1991இல் பாரத ரத்னா பெற்று, 1995இல் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்த அப்பெரியவரின் நீண்ட வாழ்வில், அவரே எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய நிழல் இது.

கடலுக்கு அப்பால்

தாமிரபரணி கடலில் கலக்கும் எங்கள் கரைக்கு எதிர்க்கரையிலுள்ள இலங்கை அண்மைக்காலச் சான்று. 2005இல் அதிபரான மஹிந்த ராஜபக்ச, 2009இல் உள்நாட்டுப் போரை முடித்ததால் சிங்களப் பெரும்பான்மையினரிடம் பண்டைய மன்னர்களுக்கு நிகராகப் புகழப்பட்டார். தமிழர்கள் அவ்வெற்றியை எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பது வேறு செய்தி. சகோதரர்கள் கோத்தபய, பசில், சமல் ஆகியோரும் மகன் நாமலும் ஆட்சியின் திறவுகோல்களைப் பகிர்ந்துகொண்டனர். 2015இல் மஹிந்த தோற்றார். 2019இல் கோத்தபய அதிபராகிக் குடும்பம் மீண்டது. கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை வலிந்து எரித்ததும் அவ்வாட்சியே. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அறிவித்தது. மே 9ஆம் நாள் மஹிந்த பிரதமர் பதவியை விட்டார். ஜூலையில் கோத்தபய நாட்டைவிட்டு வெளியேறினார். குடும்பத்தார் மீது தொடரப்பட்ட வழக்குகளில் சில விடுதலையில் முடிந்தன. பசில் மீதான மல்வானை நில வழக்கு அவ்வாறு 2022இல் முடிந்தது. ஆயினும் 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் இம்மூன்று சகோதரர்களும் பிறரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாகி, பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று தீர்ப்பளித்தது.

நம்பிக்கைப் பொறுப்பு என்று அத்தீர்ப்பு குறிப்பதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம். இதில் மிகவும் துயரமான காட்சி ஒன்றுண்டு. அச்சகோதரர்களின் தந்தை டி.ஏ. ராஜபக்ச, முன் தலைமுறையின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்கு மெதமுலனையில் மைந்தர்கள் அமைத்த நினைவகத்தை 2022 மே 9 அன்று சினங்கொண்ட கூட்டம் சிதைத்தது. 1967இலேயே மறைந்துவிட்ட அவர் இக்காலத்து ஊழலில் பங்கேற்றவர் அல்லர். சுமை மாறக்கூடாது என்ற வேதநெறியை மக்கள் சினம் கருதவில்லை. தலைவர்கள் அஞ்சவேண்டியது இதையே: உறவினரை வளர்க்கும்போது தம் பெயரை மட்டுமன்றி, மண்ணறையில் இருப்போரின் பெயரையும் பணயம் வைக்கின்றனர்.

முஸ்லிம் நாடுகளும் விலக்கல்ல. இந்தோனேசியாவில் சுஹார்த்தோ 1980களில் நாட்டை அரிசியில் தன்னிறைவு பெறச் செய்தவர். 1998 மே மாதம் அவரைப் பதவியிலிருந்து இறக்கிய மாணவர்களின் முழக்கமோ ஊழல், கூட்டுச்சதி, உறவினர் சலுகை என்ற மூன்று சொற்களால் ஆனது. அவருடைய மக்களின் தொழில் குழுமங்களே அம்முழக்கத்தின் இலக்கு. துனீசியாவில் 2011இல் பின் அலீ வீழ்ந்தபோது மக்கள் முதலில் நினைவுகூர்ந்தது அவருடைய மனைவியின் திராபுல்ஸிக் குடும்பத்தை.

நற்பணியை ஏன் மறைக்கிறது?

ஓர் அணையால் இலட்சம் பேர் பயனடைகின்றனர். ஓர் ஒப்பந்தத்தால் ஒரு மைத்துனர் பயனடைகிறார். ஆயினும் இரண்டாவது முதலாவதை மறைப்பது ஏன்? இப்னு கல்தூன் முகத்திமாவில் அஸபிய்யா எனும் குலப்பிணைப்பை ஆட்சியின் தோற்றத்துக்கே காரணமாகக் காட்டுகிறார். உறவினரின் ஆதரவின்றித் தலைமை எழுவதரிது. ஆட்சியாளர் வணிகத்தில் இறங்குவது குடிகளுக்குக் கேடு, வரி வருவாய்க்கும் அழிவு என்று தனி இயலே வகுத்திருக்கிறார் அவர். காரணம் தெளிவானது. அரசனோடு ஏலத்தில் போட்டியிட எவரும் துணியார். விலை அவன் சொன்னதாகும். ஏனைய வணிகர் ஊக்கமிழப்பர். அரசனுக்குப் பதிலாக அரசனின் மகன் என்று மாற்றிப் படித்தால் இக்காலத்துக்கும் அது பொருந்தும். சலுகையின் விலையை வெற்றிபெற்ற மைத்துனரின் கணக்கில் காண முடியாது. விலகிச் சென்ற நூறு நேர்மையான வணிகரின் மௌனத்தில்தான் அது இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தியாகம் கோரும் உரிமையே தலைமையின் மூலதனம். வரி செலுத்துங்கள், சிக்கனமாயிருங்கள் என்று சொல்பவரின் வீட்டில் சிக்கனம் இல்லையெனில் அச்சொல் முந்தைய தேதியிலிருந்தே பொய்யாகிவிடுகிறது. அவர் உண்மையில் செய்த தியாகங்களும் ஐயத்துக்கு உள்ளாகின்றன. உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு ஒன்றைத் தடைசெய்தால் முதலில் தம் குடும்பத்தாரைக் கூட்டி, மீறினால் உங்களுக்கு இருமடங்கு தண்டனை என்று எச்சரித்தது இதனால்தான். தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் ஆலோசனையில் மகன் அப்துல்லாஹ் கலந்துகொள்ளலாம், ஆனால் பதவி அவருக்கில்லை என்று விதித்ததும் அதே நோக்கில்தான்.

நம் கைக்கெட்டிய முன்மாதிரிகள்

இது கலீஃபாக்களின் காலத்துக்கு மட்டுமே இயன்றதன்று. 1954 முதல் 1963 வரை சென்னை மாநில முதல்வராக இருந்த காமராசர் மணம் புரியாதவர். அதனால் அவருக்கு இச்சோதனையே இல்லை என்று சிலர் கூறுவர். அது சரியன்று. விருதுநகரில் தாயார் இருந்தார், தங்கை இருந்தார், உறவினர் பலர் இருந்தனர். அவர்களுக்கும் கோட்டைக்கும் இடையே அவர் வைத்த தொலைவே 1975இல் அவர் மறைந்தபின் அவர் பெயரைக் காத்தது. பக்ஷியும் மொரார்ஜியும் 1963இல் பதவி விலகியது அவர் பெயரால் அமைந்த திட்டத்தின்படியே என்பது வரலாற்றின் விந்தை. பதவியைத் துறப்பது அனைவருக்கும் இயன்றது. உறவைப் பதவியிலிருந்து விலக்கிவைப்பதே அரிதாயிற்று.

நெல்லைப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப், 1962இல் சீனப் போர் மூண்டபோது தம் ஒரே மகனைப் படைக்கு அனுப்ப முன்வந்தார். மகனுக்காக நாட்டிடம் கேட்காமல், நாட்டுக்காக மகனைத் தர முன்வந்தவர் அவர். அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் இதை மறுப்பதில்லை.

உறவினர் எப்போதும் சுமையல்லர் என்பதற்கும் சான்று உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியதை 1957 டிசம்பரில் மக்களவையில் அம்பலப்படுத்தியவர் பிரதமர் நேருவின் மருமகனான பெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, சில வாரங்களில் அறிக்கை தந்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். மாமனாரின் அரசுக்கு மருமகன் தந்த வலி, அவ்வரசின் நற்பெயருக்கு ஆற்றிய தொண்டாகவே இன்று எண்ணப்படுகிறது.

நமக்குரிய பாடம்

இவற்றைப் படித்துவிட்டு அரசியல்வாதிகளைப் பழித்து அமைதியடைவது எளிது. வக்ஃபு சொத்துகளும், ஜமாஅத் நிர்வாகமும், மதரஸாக்களும், கல்வி அறக்கட்டளைகளும் நம் கையில் உள்ள சிறிய பைத்துல்மால்களே. முதவல்லி பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு விசாரணையின்றிச் செல்வதும், பள்ளிவாசல் கடையின் வாடகை நிர்வாகியின் உறவினருக்கு மட்டும் பழைய கணக்கில் நிற்பதும், அறக்கட்டளைக் கல்லூரியில் நியமனங்கள் ஒரே குடும்பத்தில் சுழல்வதும் நாம் அறியாதவை அல்ல. ஐம்பதாண்டுகள் உழைத்துப் பள்ளிவாசலை எழுப்பிய ஹாஜியாரின் பெயர், மருமகனுக்குத் தந்த ஒரு கடையால் ஊர்ப்பேச்சாகிவிடுகிறது.

தீர்வு உறவை அறுப்பதன்று. உறவைப் பேணுதல் மார்க்கக் கடமை. சொந்தப் பணத்தில் எவ்வளவும் உதவலாம். பொதுப்பணத்தில் உதவும்போது உமர் (ரலி) அவர்களின் வினாவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கடையை ஏலமிடுவதாயின் ஜும்ஆவில் அறிவித்து எல்லாரையும் அழைக்கலாம். உறவினர் போட்டியிட்டால் நிர்வாகி அம்முடிவில் கலவாமல் விலகி நிற்கலாம். புகார் எழுந்தால், எழுப்பியவரின் நோக்கத்தை ஆராயுமுன் கணக்கை வெளியிடலாம்.

எங்கள் ஏரலுக்குக் கிழக்கேயுள்ள கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்து வழக்கம் ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. தூத்துக்குடிக் கரையில் 1961 வரை அது நடந்தது. மூழ்கி எடுத்த சிப்பிகளைத் திறக்குமுன்பே, அனைவர் பார்வையிலும் கரையில் குவித்துப் பங்கிடுவர். அரசுப் பங்கு எண்ணிக்கைக் கணக்கில் ஏலம் போகும். எக்குவியலில் முத்துண்டு என்பது பங்கிடுபவருக்கும் தெரியாது. எனவே தன்னவருக்கு நல்ல குவியலை ஒதுக்க வழியில்லை. முத்து வெளிப்படுமுன் முறையை வகுத்துவிட்டால், பின்னர் மகனுக்காகத் தந்தை வாதாட வேண்டிய நிலையும் எழாது. தந்தைக்காக வரலாறு தயங்க வேண்டிய நிலையும் எழாது.